பெரியம்மா எந்தச் செயலியில் இருக்கிறார்?

செய்தி அனுப்புவதற்கென்றே என் கைபேசியில் ஐந்து செயலிகள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள் குடியிருப்பதால் ஒன்றையும் எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் உறவினர்கள் அத்தனை பேரும், வீட்டு உரிமையாளர், தண்ணீர் கேன் போடுகிறவர், அடுக்ககக் குழு, மகளின் பள்ளிக் குழு. டெலிகிராமில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் தம்பிமார்கள், ஆண்ட்ராய்டு ரசிகர் குழுக்கள், நான் எழுதிய ஒரு பாட், அதாவது தானாகச் செய்தி அனுப்பும் நிரல் (அதன் கதை பிறகு). சிக்னலில் கல்லூரி நண்பர்கள் சிலர். எல்லோரும் என்னைப் போலவே பொழுது கிடைத்தால் செட்டிங்ஸ் பக்கத்தை நோண்டுகிறவர்கள். அரட்டை என்ற உள்நாட்டுச் செயலியில் ஊர்ப்பற்று மிகுந்த சித்தப்பா ஒருவர். எஸ்எம்எஸ்ஸில் மனிதர்கள் யாரும் இல்லை, வங்கிகளும் ஓடிபியும்தான்.

எனக்குச் செயலிகள் மேல் ஒரு பித்து. புதிதாக ஒன்றை இறக்கினால் மற்றவர்கள் முகப்பைப் பார்ப்பார்கள். நான் நேராக செட்டிங்ஸுக்குப் போவேன். என்னென்ன அனுமதி கேட்கிறது, பேக்கப் எங்கே போகிறது, அறிவிப்புகளை வகைவாரியாக அணைக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. டார்ச் லைட் செயலி ஒன்று தொடர்பு எண்களைக் கேட்டால் அன்றைக்கே அதற்கு விடை கொடுத்துவிடுவேன். தனியாகப் பயன்படுத்துகிற செயலிகளில் என் ராஜ்ஜியம்தான். எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் கிடங்கிலிருந்து இறக்கிய ஆன்டெனாபாடில் பாட்காஸ்ட் கேட்கிறேன். ஆர்கானிக் மேப்ஸில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்திலும் வழி பார்க்கிறேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு மனிதர் தேவைப்படும் செயலி என்று வந்துவிட்டால், அதிகாரம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் பெரியம்மாவின் கைக்குப் போய்விடுகிறது. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. எந்தச் செயலி நல்லது என்பதில் எள்ளளவும் அக்கறை இல்லாதவர். அவர் முடிவு செல்லுபடியாவதற்குக் காரணமே அதுதான். மாற மாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால், மாறத் தயாராக இருக்கும் பத்துப் பேரும் அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

2021 ஜனவரியில் இதை உடைத்துவிடலாம் என்று நம்பினேன். வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையைத் திருத்தப்போவதாக அறிவித்திருந்தது. தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குக்கு என்னென்ன விவரங்கள் போகும் என்ற சந்தேகம் உலகம் முழுக்கக் கிளம்பியது. சிக்னலைப் பயன்படுத்தச் சொல்லி ஈலான் மஸ்க் இரண்டே சொல்லில் ட்வீட் போட்டார். கூட்டம் குவிந்ததில் சிக்னலின் சரிபார்ப்புக் குறியீடுகள் தாமதமாயின; ஜனவரி 15 அன்று அதன் சேவையே முடங்கி மறுநாள்தான் மீண்டது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த நான் ஒவ்வொருவர் கைபேசியாக வாங்கிச் சிக்னலை நிறுவிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் முறை வந்தது.

“அதில் யாரெல்லாம் இருக்கிறார்கள்?”

“இப்போதைக்கு நான் இருக்கிறேன், பெரியம்மா.”

“நீதான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாயே.”

இதற்கு மேல் என்ன வாதிடுவது? பெரியப்பாவிடம் மட்டும் கொஞ்சம் பேச முடிந்தது. சிக்கல் எதில் என்று அவர் கேட்டார். செய்தியின் உள்ளடக்கத்தில் இல்லை என்றேன். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலேயே எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யத் தொடங்கிவிட்டது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. அதற்கு எடுத்துக்கொண்டதும் சிக்னலின் நெறிமுறைதான் (புரோட்டோகால்). 2009இல் ஜான் கூமுடன் சேர்ந்து வாட்ஸ்அப்பைத் தொடங்கிய பிரையன் ஆக்டனே பிறகு அங்கிருந்து வெளியேறி, 2018இல் சிக்னல் அறக்கட்டளை உருவாக 5 கோடி டாலர் கொடுத்தார். ஆகப் பூட்டு இரண்டிலும் ஒன்றுதான். யார் யாருக்கு, எப்போது, எத்தனை முறை அனுப்புகிறார் என்ற விவரத்தை யார் எவ்வளவு சேர்த்து வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

பெரியப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். “உறையைப் பிரிக்கவே வேண்டாம். யாருக்கு யார் எழுதுகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தரம், பதில் வருகிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும். தெருவில் எந்த வீட்டில் என்ன தகராறு என்று நான் சொல்லிவிடுவேன்” என்றார். மெட்டாடேட்டா பற்றி நான் படித்த நீளமான கட்டுரைகள் எதிலும் இவ்வளவு கச்சிதமான விளக்கம் கிடைக்கவில்லை. ஆள் நம் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பைத் திறந்தார். அணையின் நீர்மட்டம் பார்க்க வேண்டுமாம்.

தாமிரபரணிப் பாசனத்துக்காரர்களுக்கு இது காலைக் காபிக்கு முந்தைய வேலை. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று ஊர்க் குழுவில் ஒரு விவசாயி தினமும் போடுகிறார். அவர் போடும் நேரம் நிலையானது இல்லை. ஒரு நாள் ஆறு மணிக்கு வரும், ஒரு நாள் எட்டரைக்கு. அதுவரை பெரியப்பா கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பார். இதைப் பார்த்ததும் என் விரல்கள் துறுதுறுத்தன.

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் ஒரு பெயரைச் சொன்னால் டோக்கன் ஒன்று தரும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு பாட் எழுதிக்கொள்ளலாம். 2015 முதல் இந்த வசதி இருக்கிறது. சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். செய்தித் தளங்களில் வெளியாகும் எண்களை அது பொறுக்கி எடுக்கும். முந்தைய ஆண்டு இதே நாளில் எவ்வளவு நின்றது என்று ஒப்பிடும். நீலக் கோட்டில் வரைபடம் போடும். குறித்த நேரத்துக்கு அனுப்பும். மழைக்காலத்தில் கோடு ஏறுவதைப் பார்த்தால் கண் நிறையும். பெரியப்பாவிடம் காட்டினேன். மேலும் கீழும் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார்.

“எல்லாம் சரி. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டார்களா, இல்லையா?”

அது என் பாட்டுக்குத் தெரியாது. குழுவில் எழுதும் விவசாயிக்குத் தெரியும். கால்வாய்க் கரையிலேயே நின்றுகொண்டுதான் அவர் செய்தியைப் போடுகிறார். அதன் கீழே இன்னொருவர் வந்து, பிசான நெல் சாகுபடிக்கு இந்தத் தண்ணீர் போதாது என்பார். மூன்றாவது ஆள், போன கார் பருவத்திலும் நீங்கள் இப்படித்தான் சொன்னீர்கள் என்று வம்புக்கு இழுப்பார். பெரியப்பாவுக்கு இவ்வளவும் வேண்டும். என் பாட் இன்றும் ஒரு நாள் தவறாமல் வரைபடம் அனுப்புகிறது. அதன் ஒரே வாசகன் நான். நிறுத்தவும் மனம் இல்லை. அவ்வளவு சுத்தமான நிரல்.

அரட்டையின் அலை வேறு மாதிரி அடித்தது. சோஹோ நிறுவனம் 2021 ஜனவரியிலேயே அதைச் சத்தமில்லாமல் வெளியிட்டிருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று நாடு முழுக்க அதே பேச்சு. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது நாளுக்கு 3,50,000 பேர் சேரும் அளவுக்குப் போய்விட்டது என்று சோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். சோஹோவின் அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறை தென்காசிப் பக்கம். எங்கள் சித்தப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? தானே செய்ததைப் போன்ற பெருமையோடு குடும்பக் குழு ஒன்றைத் தொடங்கி, எல்லோரையும் விரட்டி விரட்டிச் சேர்த்தார். “வந்துவிட்டேன்”, “நானும் வந்துவிட்டேன்”, கைகூப்பும் படங்கள், குலதெய்வம் கோயில் கோபுரம். சில நாளில் அடங்கிவிட்டது. பெரியம்மா வரவில்லை. பெரியம்மா இல்லாத இடத்தில் கொடைவிழா வரி எவ்வளவு, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்ற செய்திகள் எதுவும் வராது. செய்தி இல்லாத குழுவுக்கு எதற்குப் போவது?

அந்த நேரத்தில் அரட்டையின் அழைப்புகளுக்குத்தான் முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. சித்தப்பாவின் உற்சாகத்துக்கு முன்னால் அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் செயலியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: பாக்கெட் என்று தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நமக்கு நாமே குறிப்பு, படம், கோப்பு எல்லாம் போட்டு வைத்துக்கொள்ளலாம். மளிகைப் பட்டியலும் கேஸ் புத்தகத்தின் எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. பார்த்தீர்களா, மறுபடியும் தனி ஆள் வேலை.

இதில் எனக்கு உண்மையான எரிச்சல் எங்கே என்றால், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் கைபேசியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும்போது எதிரில் இருப்பவர் எந்த நிறுவனத்தின் கணக்கு வைத்திருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. யுபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதைக் கொண்டுவந்தபோதே, எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் எந்தச் செயலியை வைத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப முடிய வேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை ஒரு நிறுவனத்துடையது, நான் ஸ்கேன் செய்யும் செயலி இன்னொரு நிறுவனத்துடையது. ஒலிபெட்டி கூவுகிறது, கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே அடுத்த டீயை ஆற்றுகிறார். எனக்கு விருப்பமான யுபிஐ செயலிக்கு மாற நான் யார் சம்மதத்தையும் வாங்கவில்லை. (ஒரே தொல்லை: கைபேசியின் மறைவான அமைப்புப் பக்கமான டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து வைத்திருந்தால் என் வங்கிச் செயலி ஒன்று உள்ளே விட மறுக்கிறது. என்னைப் போன்றவர்கள் மேல் வங்கிகளுக்கு எப்போதும் ஒரு கண்.)

செய்திச் செயலிகள் இப்படிக் கட்டப்படவில்லை. நம் ஊரில் ஒன்றில் இருப்பவர் மற்றொன்றுக்கு ஒரு வரி அனுப்ப வழியில்லை. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதைக் கையில் எடுத்திருக்கிறது: 2024 மார்ச்சிலிருந்து வாட்ஸ்அப் அளவுக்குப் பெரிய செயலிகள், கேட்கும் மற்றச் செயலிகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும். யுபிஐயையும் மின்னஞ்சலையும் உதாரணம் காட்டி, செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று வேம்புவும் எழுதினார். அப்படி ஒரு நாள் வந்தால் நான் சிக்னலிலும் பெரியம்மா வாட்ஸ்அப்பிலும் சித்தப்பா அரட்டையிலும் இருந்தபடியே கொடைவிழா வரிக்குச் சண்டை போடலாம். மறையாக்கத்தை உடைக்காமல் இதைச் செய்வது கடினம்தான். இரு பக்கமும் ஒரே நெறிமுறையைப் பேச வேண்டும், ஆள் இன்னார்தான் என்று உறுதி செய்ய வேண்டும். கடினம் என்பதால் யாரும் தொடாமல் இருக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேயே எல்லாம் வந்து சேர்கிறது. சென்னை மெட்ரோவுக்கே தனிச் செயலி இருந்தும் 2023இல் வாட்ஸ்அப்பில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. அந்த வசதியைக் கையில் வைத்திருப்பவர் கதவை எதற்குத் தானாகத் திறப்பார்?

பெரியம்மா இடம் பெயராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் வாட்ஸ்அப்பில் எழுதுவதே இல்லை. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவார். குரல் பதிவு 2013இல் வந்தது. தட்டச்சு தெரியாத ஒரு தலைமுறைக்கு அதற்குப் பிறகுதான் கைபேசி சொந்தமானது என்பேன். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு, ஏனென்றால் கைபேசியில் தமிழைக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

எஸ்எம்எஸ் காலத்தில் ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் ஒரே ஓர் எழுத்து நுழைந்தாலும் 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70லும் ‘கி’க்கு இரண்டு இடம் போகும், க தனி, கொக்கி தனி. ‘ப்’பின் புள்ளிக்கும் ஓர் இடம். அவ்வளவு சிக்கனமாக எழுதி அனுப்பினால் எதிர்முனையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று பதில் வரும். தமிழ் எழுத்துரு இல்லாத கைபேசிகளில் இணையத்தில் தமிழ் படிப்பதற்கு ஓபரா மினிதான் கதி. முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று அடித்தால் யாருக்கும் தெரியாத ஒரு பக்கம் திறக்கும். சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று அதில் ஒரு வரி கேட்கும். ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்தால் அடுத்த பக்கத்திலிருந்து தமிழ் பளிச்சென்று வரும். எழுத்தைச் சர்வரிலேயே படமாக்கி அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் சூட்சுமம். விடுதியில் இந்த ஒரு வித்தைக்காக என் அறைக்கு ஆட்கள் வந்துபோனார்கள். நான் அன்றைக்குக் கெட்டுப்போனவன்தான்.

பிறகு மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் தொடங்கிய செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலி ஸ்மார்ட்போன்களுக்கும் வந்தபோது, தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. உயிரெழுத்து எல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. முதல் ம-வுக்குப் புள்ளியை விசைப்பலகையே வைத்துக்கொள்ளும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி வேண்டும் என்று அதற்குத் தெரியும். ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ந்த’ என்று வந்தாலும் அப்படியே. இலக்கணம் தெரிந்த விசைப்பலகை! பழகிவிட்டால் விரல் சொல்லுக்கு முன்னால் ஓடும். இதை நான் நண்பர்களிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர்கள் இன்றும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அதைப் படிக்க எனக்குத்தான் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது.

பெரியம்மாவுக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை. அவர் குரல் பதிவு ஒவ்வொன்றும் ஒரு கடிதம். முதலில் நலம் விசாரிப்பு, அதுவும் வீட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி. நடுவில் குக்கர் விசில் அடிக்கும். “இரு, அணைத்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார், பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் காகம் கத்துவதும் தெருவில் மீன்காரர் போவதும் கேட்கும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அலுவலக நண்பர்களின் பதிவுகளை நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறேன். பெரியம்மாவின் பதிவை அப்படி ஓட்டினால் அவர் கோபித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் சாதாரண வேகம்தான். அவருக்கு எழுத்தில் பதில் போடக் கூடாது. “உன் வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று அடுத்த பதிவு வரும்.

ஊருக்குப் போனால் வீட்டுக் கைபேசிகள் எல்லாம் என் முன்னால் வரிசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் இடம் நிறைந்துவிட்டது என்ற புகார். காலை வணக்கப் படங்கள்தான் காரணம். இந்தியாவில் கைபேசிகள் இப்படி நிரம்புவதைப் பார்த்துக் கூகுளே 2018இல் தன் ஃபைல்ஸ் செயலியில் அவற்றைத் தேடிப்பிடித்து அழிக்க ஒரு வசதி சேர்த்தது. அது பத்து நிமிட வேலை. அண்மைக் காலமாக என் கவலை வேறு.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். இதன் பெயர் ஏபிகே என்று முடிகிறது, அதாவது அது ஒரு செயலி. தொட்டால் கைபேசி ஒரு முறை எச்சரிக்கும். அதையும் தாண்டி நிறுவிவிட்டால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ஓடிபி வந்த நொடியே வேறொருவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கையும் பிடித்துக்கொண்டு, அதிலுள்ள எல்லா எண்களுக்கும் அதே பத்திரிகையை அனுப்பிவிடுகிறார்கள். தெரிந்தவரிடமிருந்து வருவதன் ரகசியம் இதுதான். ஆண்ட்ராய்டில், வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அணைக்கலாம். வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் வாட்ஸ்அப்புக்கு அதை அணைத்துவிட்டேன். இரு படிச் சரிபார்ப்புக்கு எண் வைத்தேன். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930ஐத் தொடர்பு எண்களில் சேர்த்து வைத்தேன்.

பெரியம்மாவுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே அவர் கைபேசியை எடுத்தேன். அவருக்கும் அந்தக் கோப்பு வந்திருந்தது. ஒரு வாரமாக அங்கேயே கிடந்தது, தொடப்படாமல். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். போனில் அனுப்பினால் ஆயிற்றா? நான் எதற்கு அதைத் திறந்து பார்க்கிறேன்?” என்றார். அனுப்பியவர் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த ஆள் அனுப்பவே இல்லை, அவர் கணக்கை யாரோ திருடி அனுப்பியது என்று எவ்வளவோ சொன்னேன். திருடன் கையில் கொடுக்கும் அளவுக்கு அசட்டையாக இருந்தது மட்டும் சரியா என்று கேட்டார்.

அவர் கைபேசியிலும் அந்த அனுமதியை அணைத்துவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன்.